விண்வெளிப் போர்வை: ஒரு மெல்லிய தகட்டின் கதை

மரதன் ஓட்டப் போட்டியின் முடிவுக் கோட்டைத் தாண்டிவரும் வீரர்களின் தோள்களிலே பளபளக்கும் தாள் போன்ற ஒன்று போர்த்தப்பட்டிருப்பதைப் பத்திரிகைப் படங்களில் வாசகர்கள் கண்டிருப்பர். மத்தியதரைக் கடலில் மீட்கப்பட்டு இத்தாலியின் லம்பெடுசாத் தீவில் இறக்கப்படும் அகதிகளின் உடலிலும் அதே தாள்தான் பொன்னிறத்தில் மின்னுகின்றது. மேலை நாடுகளில் மலையேறச் செல்வோரின் முதுகுப் பையிலும், முதலுதவிப் பெட்டியிலும் அது தவறாது இடம்பெறுகின்றது. மடித்து வைத்தால் சட்டைப் பையில் அடங்கும். விரித்தால் வளர்ந்த ஆள் ஒருவரை முழுவதுமாக மூடும். நிறையோ ஏறத்தாழ 60 கிராம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் 'விண்வெளிப் போர்வை' என்று வரும்.

பெயர் பற்றி ஒரு சொல். நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது, இந்தப் பொருளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சு செய்திமேசையில் எழுந்ததுண்டு. 'ஈயத்தாள்' என்றார் ஒருவர். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மினுங்கும் தாளை நம்மவர் அப்படித்தான் அழைத்து வந்தனர். ஈயம் அதிலிருந்து மறைந்து பல தசாப்தங்களாகிவிட்டபோதிலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 'வெப்பப் போர்வை' என்றார் மற்றொருவர். ஈயத்தாள் என்பது வெறும் பிழை. ஆனால் வெப்பப் போர்வை என்பது ஆபத்தான பிழை என்பது எனது கருத்து. இந்தத் தகடு எவருக்கும் வெப்பம் தருவதில்லை. உடலில் வெப்பம் உள்ளவரிடமிருந்து அது விரைவாகப் போய்விடாமல் ஓரளவு தடுக்கின்றது, அவ்வளவே. இந்த வேறுபாட்டை அறியாமல் இதை நம்பிக் குளிரிலே படுத்துவிடுகின்ற ஒருவர் விடியும்போது உயிருடன் இருப்பாரா என்பது ஐயத்துக்குரியது. விண்வெளி என்ற பெயரின் பளபளப்பு இந்தத் தகட்டின் உண்மையான பணியையும் அதன் எல்லையையும் மறைத்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் தெளிவாகும்.

கதை விண்வெளியில் தொடங்கவில்லை. லண்டனில் உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் தொடங்குகின்றது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டூவர் என்னும் விஞ்ஞானி, வாயுக்களைக் கடுங்குளிரில் திரவமாக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அந்தத் திரவங்களைச் சூடேறாமல் வைத்திருக்க 1892ஆம் ஆண்டளவில் அவர் இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குடுவையை அமைத்தார். இரு சுவர்களுக்கும் இடையே காற்றை அகற்றி வெற்றிடமாக்கினார். வெற்றிடத்தில் காற்று மூலம் வெப்பம் கடக்காது. ஆனால் கதிர்வீசல் மூலம் கடக்கும். சூரியனின் வெப்பம் நம்மை வந்தடைவதும் அவ்வழியே. அதனையும் தடுக்கும் பொருட்டுக் கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு இட்டார். அவர் காப்புரிமை பெறவில்லை. 1904இல் ஜேர்மனியில் தோன்றிய தேர்மோஸ் கம்பனி அதே குடுவையைத் தேநீர் வைக்கும் போத்தலாக்கி உலகெங்கும் விற்றது. டூவர் வழக்காடியும் பயன் கிட்டவில்லை. நமது வீடுகளில் ஆஸ்பத்திரிக்குக் கோப்பி கொண்டுசெல்லப் பயன்படும் பிளாஸ்க்கின் உட்புறம் மினுங்குவது அழகுக்காக அல்ல.

இங்கே ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்க்கில் உள்ள வெள்ளிப்பூச்சு சிறப்பாக வேலை செய்வதற்குக் காரணம் அதன் பக்கத்தில் உள்ள வெற்றிடமே. பூச்சு கதிர்வீசலைப் பார்த்துக்கொள்கின்றது. மற்றவற்றை வெற்றிடம் பார்த்துக்கொள்கின்றது.

அடுத்த இழை பிளாஸ்ரிக். 1941இல் மான்செஸ்டர் நகரத் துணி அச்சிடும் நிறுவனமொன்றின் ஆய்வாளர்களான வின்ஃபீல்ட், டிக்சன் ஆகிய இருவரும் பொலியெஸ்டர் வகையொன்றை உருவாக்கினர். நாம் உடுக்கும் பொலியெஸ்டர் துணியும், குடிநீர் வரும் பிளாஸ்ரிக் போத்தலும் அதே வேதிப்பொருளே. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபோன்ட் கம்பனி அதனை மெல்லிய படலமாக இழுத்து 'மைலார்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது மெல்லியதாயினும் இழுவிசையைத் தாங்கும், நீரை உறிஞ்சாது, குளிரில் வெடிக்காது.

இந்தப் படலத்தின் மேல் அலுமினியம் ஏற்றும் முறை விந்தையானது. வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாகும்வரை சூடாக்குவர். அதன் மேலாகப் படலம் சுருளிலிருந்து விரைவாக ஓடும். ஆவி படலத்தில் பட்டுக் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு படியும் உலோகத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபுறம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. (2019 டிசம்பர் 26ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கங்கணக் கிரகணம் தெரிந்தபோது இப்படியான தாள்களினூடாகப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடாது. கண் போய்விடும்.)

இனி விண்வெளிக்கு வருவோம். 1964ஆம் ஆண்டில் நாசாவின் மார்ஷல் விண்வெளிப் பறப்பு நிலையம் இந்தப் போர்வையைக் கண்டுபிடித்தது என்றே பொதுவாக எழுதப்படுகின்றது. அந்த ஆண்டை நான் மறுக்கவில்லை. ஆனால் 'கண்டுபிடித்தது' என்ற சொல்லை ஏற்கத் தயக்கமாக உள்ளது. ஏனெனில் அதற்கு 4 ஆண்டுகள் முன்னரே அலுமினியம் பூசிய மைலார் வானத்தில் சுற்றிவரத் தொடங்கிவிட்டது. 1960 ஓகஸ்ட் 12ஆம் திகதி கேப் கனவெரல் தளத்திலிருந்து ஏவப்பட்ட 'எக்கோ 1' செய்மதி ஒரு மாபெரும் பலூன். விட்டம் 100 அடி. அதன் தோல் ஏறத்தாழ 12.7 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள மைலார். அதன் மேல் அலுமினியம். இன்று கடையில் வாங்கும் அவசரகாலப் போர்வையின் தடிப்பும் ஏறக்குறைய இதுவேதான். அதே ஆண்டு மே மாதத்தில் மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சி தோல்வியுற்றது. இரண்டாவது வென்றது. பலூன் மடிக்கப்பட்டு ஒரு கொள்கலத்தில் அடைக்கப்பட்டு மேலே சென்று, சுற்றுப்பாதையில் விரிந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஜனாதிபதி ஐசன்ஹோவரின் ஒலிப்பதிவுச் செய்தி அந்தப் பலூனில் பட்டுத் தெறித்து நியூஜேர்சியில் கேட்டது. மினுங்கும் தோல் அங்கே காக்கவேண்டியது வெப்பத்தை அல்ல. வானொலி அலைகளைத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை.

செய்மதி மூலம் தொடர்பாடல் என்ற எண்ணத்தை 1945இலேயே எழுத்தில் முன்வைத்தவர் ஆர்தர் சி. கிளார்க் என்பதையும், அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அவர் சொன்னது பூமியோடு ஒத்துச் சுழலும் உயரத்தில் நிற்கும் நிலையங்களை. எக்கோ அத்தகையதன்று. அது தாழ்வாக, விரைவாக ஓடும் வெறும் கண்ணாடி. ஆயினும் வெறுங்கண்ணுக்கு அது தெரிந்தது. பல நாடுகளின் பத்திரிகைகள் அது கடந்துசெல்லும் நேரத்தை அச்சிட்டன. நான் சிறுவனாக இருந்தபோது, வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வேளையில் ஐயா வானத்தைக் காட்டி, "அங்கை பார், ஓடுற நட்சத்திரம்" என்று சொன்னது நினைவிலுள்ளது. அது எக்கோதானா என்று இன்று எவராலும் உறுதிப்படுத்த முடியாது. 1968 மே மாதத்தில் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

விண்வெளியில் இந்தத் தகடு ஏன் அத்தனை சிறப்பாக வேலை செய்கின்றது? விடை டூவரின் குடுவையிலேயே உள்ளது. விண்கலத்தைச் சுற்றி இருப்பது வெற்றிடம். அங்கே காற்றில்லை, மழையில்லை, நிலமும் இல்லை. வெப்பம் வருவதும் போவதும் கதிர்வீசல் மூலம் மட்டுமே. ஆகவே கதிர்வீசலைத் தடுக்கும் தகடு எல்லாவற்றையும் தடுத்துவிடுகின்றது. பொறியியலாளர்கள் ஒரு தகட்டோடு நிற்கவுமில்லை. பல தகடுகளை, ஒன்றையொன்று தொடாதவாறு இடையில் மெல்லிய வலை வைத்து அடுக்கினர். அப்பலோ சந்திரக் கலத்தின் கீழ்ப்பாகத்தைப் பொன்னிறத்தில் மூடியிருந்தது தங்கமன்று. அலுமினியம் பூசிய கப்ரன் என்னும் மஞ்சள் நிறப் படலம். 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வெயில் மறைப்பும் அதே குடும்பம்தான். டெனிஸ் மைதானம் அளவுள்ள 5 படலங்கள், இடைவெளி விட்டு.

இத்தகடு மனித உயிர்களோடு நேரடியாகத் தொடர்புபட்ட சம்பவம் 1973இல் நிகழ்ந்தது. மே 14ஆம் திகதி ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையம், ஏவப்பட்டு ஒரு நிமிடம் கடந்ததும் தனது வெளிக் கவசத்தை இழந்தது. வெயில் நேரடியாகப் பட, உள்ளே வெப்பநிலை 50 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியது. வீரர்கள் புறப்படுவது தாமதமாயிற்று. அந்தப் பத்து நாட்களுக்குள் நாசாவின் பொறியியலாளர்கள் நைலோனும் அலுமினியம் பூசிய மைலாரும் சேர்ந்த துணியால் ஒரு குடை தைத்தனர். நிலையத்தின் சிறிய துவாரமொன்றினூடாக அதை வெளியே தள்ளி விரித்தபின் உள்ளே சூடு படிப்படியாகத் தணிந்தது. 1979 ஜூலையில் அந்த ஸ்கைலாப் பூமியில் விழப்போகிறது என்று நமது ஊர்களிலும் பெரும் பீதி பரவியிருந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் குடைக்கதை பலருக்குத் தெரியாது. கவனிக்கவேண்டியது, இங்கே தகடு செய்தது குளிரிலிருந்து காப்பதன்று. வெயிலைத் தடுப்பது.

விண்வெளித் திட்டத்தின் புகழ் உச்சத்தில் இருந்த 1960களின் பிற்பகுதியிலேயே இந்தத் தகடு 'விண்வெளிப் போர்வை' என்ற பெயரோடு அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. டெஃப்லோன், வெல்க்ரோ போன்றவற்றையும் நாசாவின் கணக்கில் எழுதுவது அக்கால வழக்கம். அவற்றுக்கும் நாசாவுக்கும் கண்டுபிடிப்புத் தொடர்பு கிடையாது. இந்தப் போர்வைக்குத் தொடர்பு உண்டு. ஆனால் விற்பனையாளர்கள் ஒரு சிறு விடயத்தைச் சொல்லாமல் விட்டனர். விண்வெளியில் காற்று இல்லை. மலையில் காற்று உண்டு.

அந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு, போர்வை பிறந்ததாகச் சொல்லப்படும் அதே 1964ஆம் ஆண்டே சாட்சி. மார்ச் 14, 15ஆம் திகதிகளில் இங்கிலாந்தின் டார்பிஷயர் மேட்டு நிலங்களில் சாரணர்களுக்கான நெடுநடைப் போட்டியொன்று நடைபெற்றது. 'நான்கு விடுதிகள்' நடை என்று அதற்குப் பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர் புறப்பட்டனர். மழையும் பலத்த காற்றும் பிடித்துக்கொண்டன. வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகைகள் மேலே இருந்தது. அதாவது நுவரெலியாவில் ஜனவரி விடியலில் நாம் காணும் குளிர்தான். மிகச் சிலரே நடையை முடித்தனர். மூவர் இறந்தனர். மூவரும் உடல் வலிமையுள்ள இளைஞர்கள்.

இந்த மரணங்களை ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ. 1953இல் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவில் உடற்றொழிலியல் நிபுணராகச் சென்றவர் அவரே. உடைகளின் வெப்பக் காப்பை அவர் ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தார். உலர்ந்த நிலையில் போதுமானதாக இருந்த உடைகள், நனைந்து காற்றும் அடித்தபோது தமது காப்பின் மிகப் பெரும் பகுதியை இழந்துவிட்டன. நடக்கும்வரை தசைகள் வெப்பத்தை உண்டாக்கின. களைத்து வேகம் குறைந்ததும் வெப்பம் உண்டாவது குறைய, இழப்பு மட்டும் அதே வேகத்தில் தொடர்ந்தது. அங்கே இளைஞரைக் கொன்றது கதிர்வீசல் அன்று. நீரும் காற்றும் களைப்பும்.

பிரித்தானிய மலையேறிகளிடையே தடித்த செம்மஞ்சள் நிறப் பொலித்தீன் பை அவசரகாலச் சாமானாக நிலைபெற்றதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அதில் மினுக்கம் இல்லை, விண்வெளியும் இல்லை. ஆள் முழுதாக உள்ளே நுழைந்துகொள்ளலாம், காற்றும் மழையும் உட்புகா, கிழியாது. பல்வேறு போர்வைகளை ஒப்பிட்டுப் பிற்காலத்தில் செய்யப்பட்ட ஆய்வுகளிலும் மெல்லிய தகடு தனித்து நின்றபோது பின்வரிசையிலேயே இடம்பெற்றது. மரதன் வீரர்களுக்கு அது உதவுவதும், 1970களின் இறுதி தொடக்கம் நியூயோர்க்கில் அது வழங்கப்பட்டு வருவதும், அவர்களது உடல் ஓடிச் சூடாக இருப்பதாலும், சற்று நேரத்தில் அவர்கள் உலர்ந்த உடை மாற்றப் போவதாலுமே.

அப்படியாயின் கதிர்வீசல் ஒன்றுமில்லையா? உண்டு. காற்றசையாத குளிர்ந்த அறையில் சும்மா இருக்கும் மனித உடல் இழக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் கதிர்வீசல் வழியே போகின்றது. நமது தோலிலிருந்து செந்நிறக்கீழ்க் கதிர்கள் எந்நேரமும் புறப்படுகின்றன. இந்த விடயத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றே. அந்தக் கதிர்களைப் பொறுத்தவரை எல்லா மனிதத் தோலும் ஏறக்குறையக் கரும்பொருள்தான். தெளிந்த இரவில் நிலமும் அவ்வாறே வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கின்றது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலற்ற இரவுகளுக்குப் பின்னர் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் உறைபனி படிவதும், கொழுந்து கருகிப்போவதும் இக்காரணத்தினாலேயே. முகில் மூடிய இரவில் உறைபனி இல்லை. முகில் ஒரு போர்வை. அசையாத காற்று, தெளிந்த வானம், உலர்ந்த உடை ஆகிய மூன்றும் கூடியிருக்கும்போது தகடு தன் முழுத் திறமையையும் காட்டும். மலையில் இம்மூன்றும் ஒருங்கே கிடைப்பது எப்போதாவதுதான்.

சிவனொளிபாதமலைக்குச் செய்தி சேகரிக்கவும், யாத்திரிகனாகவும் சில தடவைகள் ஏறியிருக்கின்றேன். 2,243 மீற்றர் உயரம். கடற்கரையைவிட 14, 15 பாகை குறைவாக இருக்கும் என்பது எளிய கணக்கு. ஏறும்போது குளிர் தெரியாது. வியர்வையில் சட்டை நனைந்துவிடும். உச்சியில் சூரியோதயத்துக்காகக் காத்திருக்கும் ஒன்றிரண்டு மணிநேரமே சோதனை. ஈரச் சட்டையோடு காற்றில் நிற்கும் முதியோரும் குழந்தைகளும் நடுங்குவதைக் கண்டிருக்கின்றேன். இந்தத் தகடு ஒன்றைக் கொண்டுசெல்லலாமா என்று கேட்போருக்கு நான் சொல்வது: கொண்டுசெல்லுங்கள், ஆனால் அதற்கு முன் மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுசெல்லுங்கள். உச்சிக்கு வந்ததும் ஈரத்தைக் களைந்து, உலர்ந்ததை அணிந்து, அதன் மேல் கம்பளியோ துவாயோ போர்த்து, அதற்கும் மேலே தகட்டைச் சுற்றிக்கொண்டால் அது காற்றைத் தடுக்கும். அதுவே அதன் முதற் பயன். கதிர்களைத் திருப்பி அனுப்புவது இரண்டாவது. தகடு தோலோடோ ஈரத் துணியோடோ நேரே ஒட்டிக்கொண்டால், உடலின் சூடு அதற்கு ஏறி, அங்கிருந்து காற்றுக்குப் போய்விடும். இடையில் பஞ்சோ கம்பளியோ, குறைந்தது சற்று வெளியோ வேண்டும். விண்கலப் பொறியியலாளர் தகடுகளுக்கு இடையே வலை வைத்ததும் இதற்காகவே.

நிலத்தில் விரித்துப் படுப்பது வீண். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள தாள், குளிர்ந்த பாறைக்கும் முதுகுக்கும் இடையில் எதனைத் தடுக்கும்? ஈரம் ஏறாமல் காக்கும், அவ்வளவே. கீழே காய்ந்த இலை, கிளை, முதுகுப் பை, கயிறு என்று கிடைத்ததையெல்லாம் பரப்பி அதன் மேல் ஆளைக் கிடத்த வேண்டும். மேலே மூடுவதைவிட முதலில் கீழே பரப்புவதே முக்கியம் என்று மலை மீட்புப் பணியாளர் சொல்வர். நடுக்கம் நின்றுபோன நோயாளிக்குத் தகடு மட்டும் போர்த்திக் காத்திருப்பதும் பயனற்றது. அவரது உடல் போதிய வெப்பத்தை உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. திருப்பி அனுப்புவதற்கு அங்கே அதிகம் இல்லை. வெளியிலிருந்து சூடு கொடுத்து, அசைக்காமல், விரைவாக வைத்தியசாலை சேர்க்க வேண்டும்.

பொன்னிறப் பக்கம் வெளியேயா, வெள்ளிப் பக்கம் வெளியேயா என்ற கேள்விக்கு மக்கள் கொடுக்கும் முக்கியத்துவம் வியப்பளிக்கின்றது. பொன்னிறம் என்பது ஒரு சாயப்பூச்சு. வெப்பக் காப்பில் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிது. பனியிலும் சாம்பல் நிறப் பாறையிலும் பொன்னிறம் தூரத்திலிருந்து தெரியும் என்பதே அதன் மெய்யான பயன். காலை வெயிலில் தகட்டை அசைத்தால் நெடுந்தூரத்துக்கு மின்னும். ஆனால் இங்கேயும் ஒரு மறுபக்கம் உண்டு. இன்று தேடுதல் பணியில் ஹெலிகொப்டரும் ட்ரோனும் உடல் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கமராக்களோடு வருகின்றன. தகட்டால் தலை முதல் கால் வரை மூடிக் கிடப்பவர் அந்தக் கமராவுக்குப் பெரும்பாலும் புலப்பட மாட்டார். போதாக்குறைக்கு, காற்றில் அது எழுப்பும் சரசரப்பில், தேடிவருவோர் கூப்பிடும் குரலும் உள்ளே இருப்பவருக்குக் கேட்பதில்லை.

நமது வரண்ட வலயத்தில் இந்தத் தகட்டின் பயன் ஸ்கைலாப் குடையின் பயனே. மன்னாரிலோ வவுனியாவிலோ சித்திரை வெயிலில் நிழலின்றி அகப்பட்டவர் அதனை நாலு தடியில் கட்டி, தலைக்கு மேல் இடைவெளி விட்டு, பக்கங்களில் காற்றோட்டம் இருக்கும்படி அமைத்துக்கொண்டால் சாதாரணச் சீலையைவிட நல்ல நிழல் கிடைக்கும். உடலில் சுற்றிக்கொண்டால் வியர்வை வெளியேறாமல் அவிந்துபோவார். இரவில் தீ மூட்டியிருப்பவர் தமக்குப் பின்னால் அதனைத் திரைபோல் கட்டித் தீயின் வெப்பத்தை முதுகுக்கும் திருப்பலாம். தீக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. பொலியெஸ்டர் 250 பாகைக்குச் சற்று மேலே உருகும். அதற்கு வெகு முன்னரே சுருங்கத் தொடங்கிவிடும்.

தீயைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கக் காட்டுத் தீயணைப்பாளரின் காப்புக் கூடாரத்தைக் குறிப்பிடாமல் விட முடியாது. அது பொலியெஸ்டர் அன்று. உண்மையான அலுமினியத் தகடு, தீப்பிடிக்காத கண்ணாடியிழைத் துணியோடு பசையால் ஒட்டப்பட்டது. 1977 முதல் அதைச் சுமந்து செல்வது கட்டாயமாயிற்று. தீ சூழ்ந்துவிட்டால் தரையில் குப்புறப் படுத்து அதற்குள் புகுந்துகொள்வர். கதிர்வீசும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை அது திருப்பி அனுப்பும். நூற்றுக்கணக்கானோர் அதனால் உயிர் தப்பியுள்ளனர். ஆனால் தீச்சுவாலையே வந்து தொட்டால் பசை இளகித் தகடு உரிந்துபோகும். 2013 ஜூன் 30ஆம் திகதி அரிசோனாவின் யார்னெல் ஹில் தீயில் 19 தீயணைப்பாளர்கள் உயிரிழந்தனர். அவர்களின் உடல்கள் கிடந்த இடத்தில் அந்தக் கூடாரங்கள் விரிக்கப்பட்டே இருந்தன. டார்பிஷயரில் குளிர்காற்று, அரிசோனாவில் தீயின் சுவாலை. கதிரைத் திருப்பும் தகட்டினால் தொட்டுச் செல்லும் காற்றைத் திருப்ப முடியாது.

கடல்சார் சட்டம் இயற்றியோர் இதனை நன்கு புரிந்திருந்தனர் என்றே தோன்றுகின்றது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் 1983ஆம் ஆண்டுத் திருத்தங்கள், உயிர்காப்புப் படகுகளில் 'வெப்பக் காப்பு உறை' வைத்திருக்க வேண்டுமென விதித்தன. போர்வை என்று அவர்கள் சொல்லவில்லை. ஆளை முகம் தவிர முழுவதும் மூடும், நீர் புகாத உறை. காற்றினாலும் ஆவியாதலாலும் ஏற்படும் இழப்பைக் குறைக்க வேண்டும் என்று எழுதிவைத்தனர். மினுங்க வேண்டும் என்று எழுதவில்லை. நீரில் விழ நேர்ந்தால் 2 நிமிடத்துக்குள் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இந்தத் தகட்டின் மிகச் சிறந்த பயன்களில் ஒன்று மலையிலோ கடலிலோ தோன்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1968இல் பிரித்தானிய மருத்துவர் இருவர், பிறந்த குழந்தைகளை, சிறப்பாகக் குறைமாதக் குழந்தைகளைச் சுற்றிவைப்பதற்கு அலுமினியம் பூசிய பொலியெஸ்டர் உறையொன்றை அமைத்து மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். காற்றடிக்காத பிரசவ அறை. துடைத்து உலர்த்தப்பட்ட சிறு உடல். ஆவியாதலைத் தடுக்கும் உறை. தகடு கேட்கும் நிபந்தனைகள் யாவும் அங்கே நிறைவேறின. கைக்குழந்தையோடு பயணம் செய்வோரின் முதலுதவிப் பெட்டியில் இது இருப்பதில் தவறில்லை. முகத்தை மட்டும் ஒருபோதும் மூடக்கூடாது.

கடையில் வாங்குவோருக்கு இன்னும் ஒன்று. மிக மலிவான வகை ஓரத்தில் சிறு கீறல் விழுந்தாலே மறு ஓரம் வரை கிழிந்துபோகும். இரு படலங்களுக்கு இடையே நூல்வலை வைத்து ஒட்டிய தடித்த வகையும் உண்டு. நிறை சற்று அதிகம். மூலைகளில் கயிறு கட்ட வளையங்கள் இருக்கும். பல தடவை பயன்படும். நிழலுக்கோ கூரைக்கோ அதுவே உகந்தது. மெல்லிய வகையை ஒரு தடவை விரித்துவிட்டால் மீண்டும் அந்தச் சிறு பொதிக்குள் அடக்க எவராலும் ஆகாது. கசக்கிப் பைக்குள் திணித்துக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். மலையில் விட்டால் அலுமினியம் நாளடைவில் உதிர்ந்துவிடும். கீழிருக்கும் பொலியெஸ்டர் முட்பற்றைகளில் சிக்கிப் பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டே இருக்கும்.